கைராசிக்காரரும் தொரசானி மரமும்

நல்லகண்ணு கை வைத்து முளைக்காத விதை கிடையாது என்று ஜெயமங்கலம் முழுக்கச் சொல்வார்கள். ஊர் வாய் திறப்பதற்கு முன்னால் நல்லகண்ணுவே சொல்லிவிடுவார். அதிலே தப்பு என்ன இருக்கிறது? தன் சரக்கின் தரத்தைத் தான் சொல்லாமல் எதிர்க்கடைக்காரனா வந்து சொல்வான்? உழைத்து மேலே வந்தவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். நிமிர்த்தாதவனிடம் நிமிர்த்த ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

கைராசி என்பது வெறும் பேச்சில்லை. நாற்றங்காலில் முதல் பிடி நெல், பந்தலடியில் முதல் சுரை விதை, கிணற்று மேட்டில் முதல் தென்னம்பிள்ளை, இதையெல்லாம் கண்டவன் கையால் போட மாட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்துக் கைராசிக்காரனை அழைத்து, கிழக்கே பார்த்து நிற்க வைத்துப் போடச் சொல்வார்கள். நல்லகண்ணுக்கு மீசை அரும்பும் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது. சொந்தத்தில் ஒரு குழி நிலம் கிடையாது. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு பன்னரிவாளும் ஒரு கிழிந்த கம்பளியும்தான். ஆனாலும் ஆடி பிறந்தால் கிணறும் வயலும் உள்ளவர்கள் அவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கொடுக்காத பட்டம் அது.

அறுபத்தொன்றாம் வருஷம் மழை பொய்த்தபோது அவர் போடிக்கு மேலே ஏலமலைக்குப் போனார். கொட்டாரமேட்டுத் தோட்டம். முதலில் காட்டுச் செடி வெட்டும் கூலி. அட்டைக்கடி, குளிர், கஞ்சி. இரண்டே வருஷத்தில் வெள்ளைக்காரத் துரை வீட்டுப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் ஏல நாற்றங்காலுக்கு மேஸ்திரி. கையெழுத்துப் போடவே தடுமாறுகிற மனுஷனுக்கு நாற்பது பேர் கைகட்டி நின்றார்கள் என்றால் சும்மாவா?

அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. ஊரையெல்லாம் முளைக்க வைத்த கை, சொந்த வீட்டில் ஒன்றை முளைக்க வைக்கவில்லையே என்று ஒரு கல்யாண வீட்டில் ஒருவன் சொன்னான். அவனோடு நல்லகண்ணு அதற்குப் பிறகு சாகும்வரை பேசவில்லை. அவர் பெண்டாட்டி சண்முகத்தாய் பந்தியிலிருந்து எழுந்து போய்க் கை கழுவினாள். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு அவ்வளவுதான்.

துரை பங்களாவுக்கு முன்னால் ஒரு மரம் நின்றது. அந்த மலையில் அப்படி வேறொன்று கிடையாது. துரை அதை ஓக் என்பார். எப்போதும் பச்சை என்று அர்த்தம் வருகிற ஏதோ ஒரு இங்கிலீசு வார்த்தையையும் அதற்கு முன்னால் சேர்ப்பார். கூலிக்காரர்களுக்கு அது தொரசானி மரம். துரை மனைவி கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது என்பதால் அந்தப் பெயர்.

பட்டை கருப்பு. வற்றின கண்மாய்ச் சேறு வெடித்த மாதிரி சின்னச் சின்னச் சதுரமாக வெடித்திருக்கும். இலை மேல்பக்கம் எண்ணெய் தேய்த்தது போல் கரும்பச்சை, திருப்பினால் அடியில் திருநீறு பூசினது போல் வெள்ளைப் பூஞ்சு. விளிம்பு மழுமழுவென்று இருக்கும். ஒரு இலை இரண்டு வருஷம், மூன்று வருஷம்கூடக் கிளையிலே இருக்கும். சித்திரையில் புதுத் துளிர் வெளுப்பாக வந்த பிறகுதான் பழையது விழும். அதனால் அந்த மரம் மொட்டையாக நின்று யாரும் பார்த்ததில்லை. பூ என்றால் திப்பிலிக் காய் மாதிரி மஞ்சளாகத் தொங்கும் சரம், வாசனையும் இல்லை அழகும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் காய் உதிரும். விரல் நுனி அளவு கொட்டை, சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார வைத்த மாதிரி. அதுவும் எல்லா வருஷமும் இல்லை. ஒரு வருஷம் கொட்டினால் அடுத்த இரண்டு வருஷம் பேருக்கு நாலு விழும், அதையும் அணில் கொண்டுபோகும். நிழல் அவ்வளவு அடர்த்தி, அதன் கீழே புல்கூட வராது.

புல் வராத இடத்தில் ஒன்று மட்டும் வந்தது. மரத்தின் அடித்தூரை ஒட்டி முள்ளிலைச் செடி ஒன்று அடிக்கடி தலைகாட்டும். இலை சிறிது, விளிம்பெல்லாம் ஊசி, தொட்டால் சுருக்கென்று குத்தும். அடியிலும் அவ்வளவு வெள்ளை இராது. நல்லகண்ணு அதைக் கண்டதும் புல்லுருவி ஜாதி என்று முடிவு கட்டிவிட்டார். சமவெளியில் மாமரத்திலும் வேம்பிலும் ஒட்டிக்கொண்டு மரத்தையே உறிஞ்சும் புல்லுருவியை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். குருவி எச்சத்தில் வந்து தூரில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பன்னரிவாளால் சீவி எறிவார். "நம்ம மரத்துல பால் குடிக்கிற பய" என்று அதற்குப் பெயரும் வைத்தார். துரை பார்த்துத் தலையை ஆட்டினார். அடித்தூர் சுத்தமாக இருந்தால் அவருக்குச் சரி.

தொரசானி அந்த மரத்தைப் பற்றி ஒரு கதை சொல்லுவார். அதைத் தமிழும் இங்கிலீசுமாகக் கேட்டு, நல்லகண்ணு தன் சொந்தக் கதை போல வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். தொரசானியின் ஊரில், அவர் பாட்டன் வீட்டு வாசலில் நின்ற மரத்து விதையாம். தகர டப்பாவில் ஈரப் பாசியைச் சுருட்டி, அதற்குள் ஆறு கொட்டையை வைத்து, கப்பலில் தினம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாராம். வந்து சேரும்போது ஆறில் இரண்டு டப்பாவுக்குள்ளேயே வேர் விட்டிருந்ததாம். "கப்பல்ல வரும்போதே மொளைச்ச மரம்யா இது" என்று நல்லகண்ணு சொல்லி முடிக்கும்போது கேட்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

அறுபத்துநாலில் துரை தோட்டத்தை விற்றுவிட்டுப் போனார். ஜீப்பில் ஏறுமுன் தொரசானி மரத்தடிக்கு வந்து பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நல்லகண்ணுவைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு பிள்ளை எடுத்து வை, இது போனாலும் அது இருக்க வேண்டும் என்றார். ஒன்றென்ன, நூறு எடுக்கிறேன் என்று நல்லகண்ணு நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் மரம் உயிரோடு நிற்கும்போது பிள்ளைக்கு என்ன அவசரம்? பத்து வருஷம் அப்படியே போயிற்று.

தோட்டத்தை வாங்கியவர் போடி பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த வைகுண்டராஜ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனால் ஒரு காரியம் நினைத்தால் நினைத்ததுதான். எழுபத்தைந்தில் அவர் காயை உலர்த்தும் ஸ்டோரைப் பெரிதாக்கத் திட்டம் போட்டார். கட்டிடத்தை நீட்ட வேண்டிய பக்கம் தொரசானி மரம் நின்றது.

நல்லகண்ணு நேரே போய், தொரசானிக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னார். வைகுண்டராஜ் யோசித்தார். துரை விற்கும்போது அந்தம்மாள் தன்னிடமும் இதையே கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

"சரி, நல்லகண்ணு. வாக்கு வாக்குதான். மொதல்ல கன்னு எடுத்துரு. நீ கன்னு எந்திரிச்சிருச்சுன்னு சொல்ற அன்னைக்கு நான் கோடாலிக்காரன வரச் சொல்றேன். அது வரைக்கும் ஒரு இலை விழாது."

"மொதலாளி, இது எங்கை. எங்கைல பட்டது கல்லாயிருந்தாலும் மொளைக்கும்."

அந்த வருஷம் மரம் கொட்டுகிற வருஷம். ஐப்பசி மழையில் மரத்தடி முழுக்கக் கொட்டை. நல்லகண்ணு முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். புழு துளைத்ததைத் தள்ளினார். மிச்சத்தை அண்டாத் தண்ணீரில் போட்டார். நெல் விதைக்குச் செய்கிற மாதிரிதான், மிதந்ததை அள்ளி எறிந்தார். கல்லைப் போல் அடியில் முங்கியது முந்நூற்றுச் சொச்சம். அதைப் பார்த்தபோது அவர் முகம் கிழக்கே வெளுத்தது போல இருந்தது.

பிறகு அவர் செய்தது, சமவெளியில் பிறந்த விவசாயி எவனும் செய்யக்கூடியது. விதையைச் சாக்கில் பரப்பி வெயில் வந்த நேரமெல்லாம் காயவைத்தார். வெயில் போதாது என்று ஸ்டோர் சுவரோரத்து வெதுவெதுப்பில் எட்டு நாள் வைத்தார். உரசினால் கலகலவென்று சத்தம் வந்தது. அடுப்புச் சாம்பலும் சாணிப்பாலும் கலந்து பிசறி, மண்கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் உத்தரத்தில் தொங்கவிட்டார். பூசணி விதையும் சுரை விதையும் அப்படித்தான் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானே? ஆடி வரும்வரை விதை உறங்கட்டும்.

சண்முகத்தாய் தேவிகுளம் பக்கத்துக் கூலி லயத்தில் பிறந்தவள், பலாமரத்தடியில் வளர்ந்தவள். சாக்கில் பரப்பினதில் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"இந்தாங்க, இது நம்ம சக்கக்கொட்டை மாதிரியில்ல இருக்கு. பலாக்கொட்டைய யாராச்சும் காயவச்சு ஊண்டுவாகளா? விழுந்த ஈரத்தோட மண்ணுக்குள்ள தள்ளிவிடுங்க."

"ஏத்தா, நீ கொழம்புக்கு எத்தன மொளகா போடணும்னு மட்டும் சொல்லு."

அவள் கடித்த கொட்டையை வாசலில் துப்பிவிட்டு உள்ளே போனாள். அவரும் தொரசானியின் ஈரப் பாசிக் கதையை அதே வாரம் கங்காணி ஒருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தகர டப்பா, கப்பல், தினம் தெளித்த தண்ணீர், எதையும் விடாமல் சொன்னார். சொல்லுகிற வாய்க்கும் செய்கிற கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபத்தாறு ஆடி. மண்ணைச் சலித்து, மக்கின இலை போட்டு, மரத்தின் பார்வையிலேயே இருக்கட்டும் என்று பங்களாவுக்குக் கீழே பாத்தி கட்டினார். நல்ல நாள் பார்த்து, விடிந்ததும் குளித்து, கலயத்தை இறக்கினார். சாம்பலைக் கழுவி விதையை அண்டாத் தண்ணீரில் கொட்டினார்.

அத்தனையும் மிதந்தது.

கையால் அமுக்கிப் பார்த்தார். கையை எடுத்ததும் எழும்பி வந்தது. ஊறினால் இறங்கும் என்று வாசலில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். வெயில் ஏறியது. முந்நூற்றுச் சொச்சம் கொட்டையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தண்ணீர் மேலே கிடந்தன. மிதக்கிற விதை பதர் என்பது கைராசிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே பருப்பு சுருங்கிக் கருத்து, ஓட்டை விட்டுக் கழன்று ஆடியது.

சண்முகத்தாய் கதவோரம் நின்று பார்த்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கத்தியிருப்பார், கத்தினால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

நல்லகண்ணு எழுந்து, கிழக்கே பார்த்து நின்று, செத்த விதையை ஒவ்வொன்றாகப் பாத்தியில் ஊன்றினார். ஒரு விரல் ஆழம், ஒரு சாண் இடைவெளி. வரிசை கோணவில்லை. மேலே சருகு மூடித் தண்ணீர் தெளித்தார். வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற கூலிக்காரர்கள், மேஸ்திரி கை பட்டால் போதும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

ஆவணிக் கடைசியில் வைகுண்டராஜ் ஜீப்பில் வந்தார். புரட்டாசியில் காய் குவிந்துவிடும், அதற்குள் சுவர் எழும்ப வேண்டும் என்ற அவசரம். பாத்தியின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார். மண் கருப்பாக, ஈரமாக, வெறுமையாக இருந்தது.

"என்ன நல்லகண்ணு, தலையக் காணமே?"

இந்த இடத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடுத்த கொட்டுகிற வருஷம் வரும்வரை மரம் நின்றிருக்கும். வைகுண்டராஜ் கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை. ஆனால் பக்கத்தில் தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் சுருளியாண்டி நின்றான், பின்னால் நாற்றங்கால் பெண்கள் பத்துப் பேர் கூடையோடு நின்றார்கள். முப்பது வருஷப் பேர் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

"இது சீமை ஜாதி, மொதலாளி. மொதல்ல கீழ வேரத்தான் எறக்கும். ஒரு முழம் வேர் போன பொறவுதான் மேல கண்ணைக் காட்டும். நோண்டிப் பாத்தேன், வேர் விட்டிருச்சு. நீங்க ஆளக் கூப்பிடலாம்."

அவர் சொன்ன வழக்கம் என்னவோ உண்மைதான். அந்த மரத்து விதை முளைத்திருந்தால் அப்படித்தான் முளைத்திருக்கும். முளைத்திருந்தால்.

போடியிலிருந்து நாலு பேர் ரம்பமும் கோடாலியும் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் வேலை என்று சொல்லி வந்தவர்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. முதல் நாளே இரண்டு கோடாலி வாய் உடைந்தது. இரும்பையா வெட்டச் சொன்னீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நல்லகண்ணு அந்த ஆறு நாளும் நாற்றங்காலைவிட்டு மேலே வரவில்லை. ஆனால் சத்தம் கீழே வரும். ஆறாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது. நின்ற பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. பங்களா வாசலில் அதுவரை விழாத வெயில் விழுந்தது.

கட்டையைத் துண்டு போட்டு ஸ்டோர் அடுப்புக்கே வைத்தார்கள். ஒரு துண்டு உருண்டு பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, கல்லைப் போல நேரே அடிக்குப் போனது. நல்லகண்ணு அதைப் பார்த்தார். விதை மிதந்தது, கட்டை முங்கியது. ஆள் இறங்கி அதை எடுக்கும்வரை தொட்டி ஓரத்திலேயே நின்றார். அந்தப் பருவத்துக் காய் முழுவதும் தொரசானி மரத்துத் தணலில்தான் உலர்ந்தது. காய் நல்ல பச்சை குறையாமல் வந்ததென்று வைகுண்டராஜுக்குச் சந்தோஷம்.

பாத்திக்கு அவர் தினமும் தண்ணீர் விட்டார். கார்த்திகை வந்தது, தை வந்தது. சுருளியாண்டி அவருடைய சம வயதுக்காரன், உறவு முறை சொல்லிக் கேலி பேசுகிறவன். ஒரு நாள் பாத்தி ஓரம் நின்று, "மாப்ள, ஒம் பிள்ளைக எப்பத்தான் தவழப்போகுதுக?" என்றான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நல்லகண்ணு அன்று மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைக் கொத்திப் புரட்டி, அந்த இடத்தில் ஏலநாற்று வைத்தார். பெருச்சாளி தின்றுவிட்டது என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை. மரமும் இல்லை, கேள்வியும் இல்லை.

ஸ்டோர் சுவருக்கு இரண்டு முழம் தள்ளி அடிக்கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. தோண்டி எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். நல்லகண்ணு அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பிள்ளை எடுத்து வைக்க முடியாத பாவத்துக்குச் சமாதியையாவது சுத்தமாக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சுற்றி வட்டமாகக் கல் பதித்தார். சருகு விழுந்தால் பெருக்கினார். கார்த்திகைக்கு ஒரு விளக்குகூட வைத்தார், கேட்டவர்களிடம் பாம்பு வராமல் இருக்க என்றார்.

மரம் போன அடுத்த மழையிலே அந்த முள்ளிலைப் பயல் திரும்பி வந்தான். முன்னைப்போல ஒன்றிரண்டு இல்லை. கட்டையின் விளிம்பைச் சுற்றி இருபது முப்பது இடத்தில் பீறிட்டான். நல்லகண்ணுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உசிரோடு இருந்தபோது உறிஞ்சினது போதாதா, செத்த பிறகும் பிணத்தைத் தின்ன வருகிறாயா என்று வாய்விட்டே திட்டினார். பன்னரிவாளைத் தீட்டி, கட்டையோடு ஒட்ட, ஒரு பொட்டு விடாமல் சீவினார். அடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி சீவினார்.

நாலு வருஷம். மாதம் தவறாமல். முதல் வருஷம் முப்பது, அடுத்த வருஷம் பதினைந்து, பிறகு ஏழெட்டு. நாலாம் வருஷக் கடைசியில் இரண்டே இரண்டு, அதுவும் நூல் மாதிரி. தொலைந்தான் பயல் என்று நல்லகண்ணு சண்முகத்தாயிடம் சொன்னார். அந்த வருஷங்களில் அவர் வெற்றி என்று சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

எண்பதில், ஆனி மழையில், நாற்றங்கால் சரிவில் வழுக்கித் தொடை எலும்பு உடைந்தது. ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். ஜெயமங்கலத்தில் சண்முகத்தாயின் தங்கை வீட்டில் கட்டுப் போட்டுக் கிடந்தார். எலும்பு கூடச் சரியாக ஒரு வருஷம், ஊன்றி நடக்க இன்னும் ஆறு மாதம். அதற்குள் இரண்டு ஆடி வந்து போயிற்று. முதல் ஆடிக்கு வெற்றிலை பாக்கோடு ஆள் வந்தார்கள், கட்டிலில் கிடந்தபடியே விதையைத் தொட்டுக் கொடுத்தார். இரண்டாம் ஆடிக்கு யாரும் வரவில்லை. கருத்தக்கண்ணன் என்று ஒருவனுக்கு இப்போது நல்ல கை என்று ஊரில் பேச்சு.

எண்பத்திரண்டு தை மாதம் கம்பு ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினார். கணக்குத் தீர்த்துச் சாமானை எடுத்துப் போகத்தான் வந்தது. சண்முகத்தாய் லயத்தில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் பழைய பன்னரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறினார்.

கல் வட்டத்துக்குள் சருகு முழங்கால் அளவு. அடிக்கட்டையின் முக்கால்வாசி உளுத்து, காளான் பூத்து, கையால் அள்ளினால் தூளாக வந்தது. வடக்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையிலிருந்து முள்ளிலைப் பயல் ஒருத்தன், ஒற்றைத் தண்டாக, அவர் நெஞ்சு உயரத்துக்கு நின்றான்.

பதினெட்டு மாதம் இல்லாமல் போனதற்கு இவ்வளவு திமிரா என்று நினைத்தார். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் தண்டை வளைத்துப் பிடித்து, கட்டையோடு ஒட்டப் பன்னரிவாளால் ஒரே இழுப்பு. தண்டு சாமானியத்தில் அறவில்லை. இழுத்த வேகத்தில் அந்த ஒட்டுப் பட்டையும் பெயர்ந்து கையோடு வந்தது. அடியில் ஈரம் இருந்தது, கொஞ்சம் இளஞ்சிவப்பாக.

பள்ளத்தில் எறிய இழுத்துக்கொண்டு போனபோது நுனி அவர் கன்னத்தில் பட்டது. குத்தவில்லை. முள்ளிலை பட்டால் குத்த வேண்டுமே என்று நின்றார். நுனியைத் திருப்பினார்.

கீழ் இலைகள் முள். நடுவில் உள்ளவற்றில் முள் குறைந்து இரண்டு மூன்று பல் மட்டும். நுனியில் இருந்த எட்டோ பத்தோ இலைகள் மழுமழுவென்று, கரும்பச்சையாக இருந்தன. ஒன்றைத் திருப்பினார். அடியில் திருநீறு பூசினது போல் வெள்ளைப் பூஞ்சு.

அவர் அங்கேயே உட்கார்ந்தார். உடைந்த கால் நீட்டினபடி, தண்டு மடியில். இளசில் ஆடு மாடு கடிக்காமல் இருக்க முள் வைத்துக்கொண்டு, ஆள் உயரம் போன பிறகு முள்ளை உதிர்க்கிற ஜாதி. விதையில்லாமலே, வெட்டின தூரிலிருந்தே பிள்ளை எடுக்கிற ஜாதி. பதின்மூன்று வருஷம் உயிருள்ள மரத்தடியிலும், நாலு வருஷம் செத்ததாக நினைத்த கட்டையிலும், மாதா மாதம் அவர் சீவி எறிந்தது எல்லாமே தொரசானி கேட்ட பிள்ளைதான். ஒன்று அல்ல, அவர் வாய்ச்சவடாலாகச் சொன்ன நூறும் அதில் இருந்தது. கட்டையில் உயிர் மிச்சமிருந்த கடைசிப் பட்டையும் இப்போது பெயர்ந்து மடியில் கிடந்தது.

சண்முகத்தாய் தேடிக்கொண்டு வந்தாள். அவர் மடியில் இருந்ததைப் பார்த்தாள், உளுத்த கட்டையைப் பார்த்தாள். கேட்காமலே விளங்கிவிட்டது.

"நீ அன்னைக்கே சொன்ன" என்றார் அவர்.

"நாஞ் சொன்னது கொட்டையப் பத்தித்தான். இது எனக்கும் தெரியாது. எந்திரிங்க."

கீழே போகும் வழியில் போடியில் இறங்கி, வைகுண்டராஜின் மண்டிக்குப் போனார்கள். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு காயைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார், காலைப் பற்றி விசாரித்தார். நல்லகண்ணு உட்காரவில்லை.

"மொதலாளி, எழுவத்தாறுல உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். வேர் விடல. வெதை அம்புட்டும் செத்த வெதை. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"என்ன வெதை நல்லகண்ணு?"

"தொரசானி மரத்து வெதை."

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றினார். நினைவுக்குக் கொண்டுவர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஓ, அந்த ஸ்டோர் பக்கத்து மரமா. அத இன்னுமா மனசுல வச்சிருக்க? விடுய்யா. அந்தம்மா செத்து எட்டு வருசமாச்சு, லெட்டர் வந்துச்சு." பிறகு உள்ளே பார்த்து இரண்டு டீ சொன்னார்.

எட்டு வருஷம் என்றால் எழுபத்துநாலு. மரம் விழுவதற்கும் முன்னால். வாக்கு வாங்கினவர் உயிரோடு இல்லை, பொய்யைக் கேட்டவருக்கு நினைவே இல்லை என்று நல்லகண்ணு நினைத்துப் பார்த்தார். இரண்டு பேருக்குமே அது வேண்டியிருக்கவில்லை. டீயைக் குடித்தார். திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவர், டீ குடித்துவிட்டுப் போனார்.

வெட்டின தண்டை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜெயமங்கலத்துக்குக் கொண்டுவந்தார். சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள் சண்முகத்தாய். முருங்கையும் பூவரசும் கொம்பை ஒடித்து ஊன்றினாலே வருகிற ஊர். கொல்லையில் குழி எடுத்து, செம்மண் போட்டு, சாணி உருண்டையை மேல்வெட்டில் அப்பி, கீற்றால் நிழல் கட்டி ஊன்றினார். கிழக்கே பார்த்து நிற்கவில்லை. கால் மடங்காததால் உட்கார்ந்தபடியே ஊன்றினார்.

மாசி முழுக்க இலை பச்சையாகவே இருந்தது. பங்குனியிலும் ஒன்று விழவில்லை. பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டது என்றார்கள். இன்னமும் கைராசி போகவில்லை பார் என்று ஒருவர் சொன்னார். இலையை வைத்து அந்த ஜாதியில் உயிரும் சாவும் சொல்ல முடியாது. ஒருநாளும் மொட்டையாக நிற்காத மரம் அது.

சித்திரையில் ஆள் வந்தது, கிணற்று மேட்டில் தென்னம்பிள்ளை வைக்க வேண்டும், தொட்டுக் கொடுங்கள் என்று. கருத்தக்கண்ணனைக் கூப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு கொல்லைக்குப் போய், அந்தத் தண்டை அடியில் பிடித்து மெள்ள மேலே தூக்கினார். எதிலும் மாட்டாமல் வந்தது. வெட்டு வாயில் வேர் இல்லை, வேர் வருகிற முண்டும் இல்லை. வைத்த நாளில் இருந்தது போலவே மொழுக்கென்று இருந்தது. இலை மட்டும் பச்சை.

மறுபடியும் அதே குழியில் வைத்து மண்ணை அணைத்தார். சாயங்காலம் சண்முகத்தாய் குடத்தோடு வந்தபோது அவர் கீற்றை ஒதுக்கிப் பிடித்தார். அவள் தண்ணீர் ஊற்றினாள்.